ரதி கானைத் தாண்டவில்லை

பந்து தங்கராசுவின் காலடியில் இருந்தது. அவனுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள், எதிர்க் கல்லூரியின் கோல்காரன். துரத்தி வந்த இரண்டு பேரும் ஈரப் புல்லில் வழுக்கி ஒருவன்மேல் ஒருவன் விழுந்து கிடந்தார்கள். மேட்டில் நின்ற சனம் ஒரே குரலாய்க் கத்தியது.

தங்கராசு நின்றுவிட்டான்.

அவனுடைய வலது கால் பெருவிரல் புல்லுக்குள் பதிந்து கிடந்த ஒரு பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. மழைத் தண்ணீர் ஓட எப்போதோ வெட்டிய கான் அது. மைதானம் போட்டபோது மண் நிரப்பி மூடியிருந்தார்கள். மூடிய மண் அமுங்கி, ஒரு சாண் அகலத்தில் கோடுபோலத் தெரியும். ஒரு சிறு பிள்ளைகூடத் தாண்டிவிடும்.

போன வாரம் வட்டகொடை ஸ்டேஷனைப் பற்றி எழுதும்போது, எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்டக் குழு ஒரு பருவம் முழுவதும் தோற்காமல் இருந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன். அதை விரிவாக எழுதும்படி சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். தோற்காத கதை என்றால் சந்தோஷமான கதையாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கானைத் தாண்டித்தான் அதைச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தப் பத்தியில் இத்தனை வாரமும் அதைத் தொடாமல் இருந்தேன்.

மாட்டுக் கொழுப்பும் பந்தும்

கல்லூரி என்று பெயர்தான். தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். மழை பெய்தால் பாடம் கேட்காது. தலவாக்கலை பஸாரில் இருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கள் தோட்டத்திலிருந்து நானும் தங்கராசுவும்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஓட்டு இல்லாமல் போனதும் அந்தச் சமயத்தில்தான். அதைப் பற்றி லயத்தில் சத்தமாக யாரும் பேசமாட்டார்கள். எங்களுக்கு அப்போது பந்துதான் உலகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாஸ்டர்தான் குழுவைத் தொடங்கினார். அதற்கு முன் எங்கள் கல்லூரிக்குக் குழுவே கிடையாது. மற்ற ஊர்களில் உதைபந்தாட்டம் வருஷ நடுவில் நடக்கும். எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் மழையில் பந்து மிதக்கும். ஆகவே தையிலும் மாசியிலும்தான் ஆடுவோம். காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். வெறுங்காலோடு ஓடினால் முதல் கொஞ்ச நேரம் காலே நம்முடையது இல்லை போலிருக்கும்.

ஒரே ஒரு தோல் பந்து. அதன் பிளாடருக்குக் காற்றடிப்பது நிஸ்தார் வீட்டுச் சைக்கிள் பம்பினால். நிஸ்தார் எங்கள் கோல்காரன். அவனுடைய வாப்பா பஸாரில் புடவைக் கடை வைத்திருந்தார். தோல் விறைக்காமல் இருக்க இறைச்சிக் கடையிலிருந்து மாட்டுக் கொழுப்பு வாங்கிவந்து பூசுவதும் அவன்தான். பந்தைத் தலையால் முட்டினால் அன்று முழுவதும் தலைமயிரில் அந்த வாசனை இருக்கும். அம்மா என்னைக் குளித்துவிட்டு வா என்று பீலிக்கரைக்கு விரட்டுவாள். அந்தத் தண்ணீரின் குளிரை நினைத்தால் இன்றும் பல் கூசுகிறது.

நான் புல் பேக். பேச்சு வராத பையனுக்கு அது பொருத்தமான இடம். பின்னால் நின்று, வருவதைத் திருப்பி அனுப்பினால் போதும். தங்கராசு சென்டர் போர்வர்ட். ஒல்லியாக இருப்பான். பந்தோடு ஓடும்போது இடுப்பு ஒரு பக்கமும் பந்து மறு பக்கமும் போகும். அந்த வளைவு அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷமாகக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவன் அவன்.

"ரதிதேவி கோல் அடிச்சிட்டா, மன்மதன் எங்கடா?" என்று நிஸ்தார் கோல் கம்பத்தடியிலிருந்து கத்துவான்.

"மன்மதன் கோல்ல நின்னு கொட்டாவி விடுறான்" என்பான் தங்கராசு.

தொரை சொன்ன வார்த்தை

கல்லூரிக்கு மைதானம் இல்லை. எங்கள் தோட்டத்துத் தொரை, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மேலே இருந்த புல்வெளியைக் கொடுத்தார். வெள்ளைக்காரர். இளமையில் தானும் ஆடியவராம். டர்பன்டைன் மரம் வெட்டிக் கோல் கம்பம் நட்டுக் கொடுத்ததும் அவர்தான். ஆட்டம் நடந்தால் மேட்டில் நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்தில் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் குடை பிடித்து நிற்பார்.

ஹட்டனில் போய் ஆடிய முதல் ஆட்டத்தில் வென்றோம். அடுத்ததையும் வென்றோம். அதற்கு அடுத்தது சமன். பூட்ஸ் போட்ட பையன்கள் எங்கள் வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தார்கள். திரும்பிப் போகும்போது சிரிக்கவில்லை. ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் தொரை மைதானத்துக்குள் இறங்கி வந்து தங்கராசுவின் தோளில் பிரம்பால் தட்டினார்.

"நீ. பேர் என்ன?"

"தங்கராசுங்க தொரை."

"சீசன் முடியும். ஒரு மேட்ச் தோக்காது. நீ கணக்கப்பிள்ளை. சரி?"

பெரிய கிளாக்கர் சிரித்துத் தலையாட்டினார். தங்கராசு சிரிக்கவில்லை. கையைக் கட்டியபடியே நின்றான்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியாது. கணக்கப்பிள்ளை என்றால் மலையில் வேலை வாங்குகிறவன். சப்பாத்து, அரைக் கால்சட்டை, தனியாக ஒரு சின்ன வீடு. தங்கராசுவின் அப்பா இறந்து போயிருந்தார். அம்மா ஒருத்தியின் கொழுந்துக் கூடைதான் அவனைப் படிக்க வைத்தது. அவளுக்கு நெஞ்சு இரைப்பு. அந்தத் தவணை முடிந்ததும் அவன் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து கவ்வாத்துக் கத்தி பிடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளும் அந்த வேலையில் போனவனுக்கு முப்பது வயதில் முதுகு நிமிராது.

அன்று மலை இறங்கும்போது அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "சுப்பு, கணக்கப்பிள்ளை வீட்ல ஜன்னல் இருக்கும்ல? அம்மாவுக்குக் காத்து வேணும்டா."

லயத்தில் குடும்பத்துக்கு ஒரு அறைதான், காம்பரா என்போம். அதற்கு ஜன்னல் கிடையாது.

காப்பு

கடைசி ஆட்டம் நுவரெலியாவில் நடக்க வேண்டியது. அந்தக் கல்லூரி விடுதியில் அம்மை போட்டதால் தள்ளிப் போனது. தள்ளிப் போய் வந்து நின்ற நாள் மாசிப் பௌர்ணமிக்கு முன்.

காமன் கூத்துத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிவனுடைய நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிந்து போவதும், ரதி அழுது புலம்புவதும்தான் கதை. மாசி மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் எரிப்பார்கள். வேஷக்காரர்களுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவன் கூத்து முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவனுக்கு மட்டுமில்லை, லயத்துக்கே ஆகாது.

கம்பம் ஊன்றியாகிவிட்டது. தங்கராசுவின் கையில் காப்பும் ஏறிவிட்டது. கட்டியவர் அவனுடைய தாய்மாமா. எங்கள் தோட்டத்துக் கூத்தை நடத்துகிறவர் அவர்தான்.

மாஸ்டருக்கு இது புரியவே இல்லை. "என்னடாப்பா, ஒரு நூல்தானே? கழட்டி வைச்சிட்டு வாரும். வந்து பிறகு கட்டலாம்."

"அப்படிக் கழட்டக் கூடாதுங்க சேர்."

"உமக்கு வேலை வேணுமோ, நூல் வேணுமோ?"

மாஸ்டர் நல்லவர். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். பிறகு தன் கைக்காசைப் போட்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார். இந்த ஆட்டத்தை எங்கள் மைதானத்தில் வைத்துக்கொள்ள அவர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டு மழையில் நனைந்து திரும்பி வந்தார். தும்மிக்கொண்டே, "இனி உம்முடைய சாமிக்கும் சந்தோஷம், தொரைக்கும் சந்தோஷம்" என்றார்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கானை யாரும் நினைக்கவில்லை.

மாமா காட்டிய எல்லை

ஆட்டத்துக்கு அன்று காலை மாமா மைதானத்துக்கு வந்தார். தங்கராசுவின் அம்மாவும் பின்னாலேயே வந்தாள். நானும் நிஸ்தாரும் கோல் கம்பத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தோம்.

மாமா மைதானத்தைக் குறுக்காக நடந்தார். நடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், அமுங்கிக் கிடந்த கானுக்கு முன்னால் நின்றார்.

"இந்தா பாத்துக்க. இந்தக் கான்தான் நம்ம எல்ல. இங்கிட்டு நீ என்ன வேணா ஆடு. அங்கிட்டுப் பக்கத்துத் தோட்டம். காலு போகக் கூடாது."

கானுக்கு அந்தப் பக்கம்தான் கிழக்குக் கோல்.

"அண்ணே, புள்ள நெலம சாமிக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. ஏறி வந்த இரைப்பில் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"தெரியும் தாயி. அதனாலதான் சாமி, தொரை கையால மைதானத்தயே நம்ம தோட்டத்துல போட வச்சிருக்கு. பாதி போதும். இவன் பாதியிலயே ஜெயிப்பான்."

நிஸ்தார் மெதுவாக என்னிடம் சொன்னான்: "மச்சான், பாதி மைதானத்துல ஆடுற சென்டர் போர்வர்ட்ட நான் எங்கயும் பாத்ததில்ல."

அது எல்லைதானா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. எல்லை வரைந்த தோட்டத்துப் படத்தைப் பார்த்தவர்கள் எங்களில் இல்லை. புல்லு வெட்டப் போனால் கங்காணி அந்தக் கானோடு நிறுத்தச் சொல்வார். கொழுந்தும் அதற்கு இப்பால்தான். எங்களுக்கு வேலை எங்கே முடிகிறதோ அதுதான் தோட்டத்தின் எல்லை.

இரண்டாவது பாதி

முதல் பாதியில் நாங்கள் மேற்குக் கோலை நோக்கி ஆடினோம். தங்கராசு ஒரு கோல் அடித்தான். கையில் மஞ்சள் கயிறு, வெயிலில் அது மின்னியது. மேட்டில் பெண்கள் குலவை போட்டார்கள். தொரை கைதட்டினார்.

இடைவேளையில் ஒரு மழை அடித்து ஓய்ந்தது. பிறகு பக்கம் மாறியது. கோல் கானுக்கு அப்பால் போய்விட்டது. தங்கராசு கான்வரை பந்தைக் கொண்டுவந்து முன்னால் ஓடுகிறவனுக்குத் தள்ளிவிடுவான். தள்ளிவிட்டு அங்கேயே நிற்பான். கொஞ்ச நேரத்தில் எதிரிகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காரணம் தெரியாது, ஆனால் இவன் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டான் என்று தெரிந்துகொண்டார்கள். அவர்களுடைய ஆள் ஒருவன் கானுக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்று, "பயத மல்லி?" என்று கேட்டான். பயமா தம்பி என்று சிங்களத்தில். அவர்கள் சிரித்தார்கள். தங்கராசுவின் காது சிவந்துபோனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அவர்கள் ஒரு கோல் திருப்பினார்கள். நிஸ்தார் பாய்ந்து விரலால் தொட்டும் பந்து உள்ளே போய்விட்டது. அது என் பக்கமாக வந்த பந்துதான்.

மூடுபனி ஸ்டோர்ப் பக்கமிருந்து ஏறத் தொடங்கியது. அந்த வேளையில்தான் நான் மேலே சொன்னது நடந்தது. நான் வெட்டி அனுப்பிய பந்து நேராகத் தங்கராசுவிடம் போனது. இரண்டு பேரை ஏமாற்றினான். அவர்கள் விழுந்தார்கள். முன்னால் கோல்காரன் மட்டும். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"போடா! போடா!" மாஸ்டர் குடையை வீசியடித்துக் கத்தினார்.

தங்கராசு நின்றான்.

மாமா எங்கே நின்றிருந்தார் என்று நான் பார்க்கவில்லை. அவன் அம்மா மேட்டில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தங்கராசு நின்ற இடத்திலிருந்தே பந்தை உதைத்தான். தண்ணீர் குடித்துக் கனத்துப்போன பந்து. அது உருண்டு உருண்டு போனது. கோல்காரன் குனிந்து, சந்தையில் பூசணிக்காய் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் ரெப்ரீ ஊதிவிட்டார். ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை.

பெரிய கிளாக்கர் சொன்னது

தொரை இறங்கி வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். தங்கராசுவிடம் வந்ததும் கையை நீட்டவில்லை.

"நீ ஏன் நின்னே?"

"காப்புக் கட்டியிருக்குங்க தொரை." கையைத் தூக்கிக் காட்டினான்.

தொரை பெரிய கிளாக்கரைத் திரும்பிப் பார்த்தார். கிளாக்கர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நிஸ்தாருக்கு இங்கிலீஷ் புரியும். இது இவங்களுடைய சாமிக் கூத்து, பையன் பயந்து நின்றுவிட்டான் என்று சொன்னாராம். அவ்வளவுதான் சொன்னார். எல்லை என்றோ கான் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை.

"பயம் வந்து நிக்கிற ஆள் எனக்கு வேணாம்" என்றார் தொரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மூடுபனியைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

தோற்கவில்லையே என்று மாஸ்டர் பின்னாலேயே போனார். பெரிய கிளாக்கர் கையை அசைத்து அவரை நிறுத்திவிட்டார்.

அந்த வருஷம் ரதி அழுததைப்போல எந்த வருஷமும் அழுததில்லை என்று கூத்து முடிந்த மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். தங்கராசுவின் அம்மா மட்டும் கூடையை இறக்கி நிறுத்துவிட்டு மலைக்குத் திரும்பினாள்.

தவணை முடிந்தது. தங்கராசு பேர் பதிந்தான். நான் நிஸ்தாரின் வாப்பா கடையில் துணி கிழிக்கப் போனேன். கணக்கப்பிள்ளை வேலைக்கு வேறு தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். தங்கராசுவின் அம்மா அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம்தான் இருந்தாள், அந்த ஜன்னலில்லாத காம்பராவிலேயே.

கல்

பல வருஷம் கழித்து, அந்த வெள்ளைக்காரத் தொரை ஊருக்குப் போய், அவருக்குப் பின்னால் சிங்களத் தொரை வந்து, மைதானத்தில் புதுத் தேயிலை நடுவது என்று முடிவாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்குப் போயிருந்தேன். தங்கராசு என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினான். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. கை நிறையக் கவ்வாத்துக் கத்தி போட்ட கோடுகள்.

மைதானம் முழுவதும் வரிசையாகக் குழிகள். கோல் கம்பம் எப்போதோ விறகாகப் போய்விட்டது. கான் இருந்த இடத்தைத் தாண்டி நடந்தான். கிழக்குக் கோல் இருந்த இடத்தையும் தாண்டினான். அதற்கும் பின்னால், காட்டுப் பன்னச் செடி அடர்ந்த சரிவில், புதிதாகத் தோண்டிய மண்ணுக்கு நடுவே ஒரு கருங்கல் தலைகாட்டியது. அதில் ஒரு அம்புக்குறியும் தோட்டத்தின் எழுத்தும் வெட்டியிருந்தன.

"குழி வெட்டும்போது நாந்தாண்டா எடுத்தேன். சர்வேக்காரங்க வந்து பாத்துட்டு, இதான் எல்லைக் கல்லுன்னாங்க. முழு மைதானமும் நம்மளுதாம்."

நான் குனிந்து அம்புக்குறியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

"பெரிய கிளாக்கருக்குத் தெரிஞ்சிருக்கும்ல சுப்பு? ஆபீஸ்ல தோட்டத்துப் படம் தொங்குச்சாம்ல."

"தெரிஞ்சிருக்கும்."

அவன் காலால் கொஞ்சம் மண்ணைக் கல்லின்மேல் தள்ளினான். பிறகு கல்லிலிருந்து கானுக்கும், கானிலிருந்து கல்லுக்குமாக ஒருமுறை மெல்ல நடந்து பார்த்தான். குழிகளை விலக்கி விலக்கி நடக்க வேண்டியிருந்தது.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிராத."

அவ்வளவுதான் கேட்டான். மாமா இன்று இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

அப்போது மாமாவுக்குக் கண் மங்கிப் போயிருந்தது. நாங்கள் இறங்கி வந்தபோது காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். அது மாசி. அந்த வருஷக் கூத்துக்குக் காப்புக் கட்டப்போகும் இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் வாரக் கடைசியில் ஹட்டனில் படம் பார்க்கப் போக வேண்டும், காப்பைக் கொஞ்சம் பிந்திக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறான்.

"படம் பாக்கப் போறியா? இந்தா வர்றானே, இவனக் கேளு. முன்னுக்குக் கோலு. தடுக்க ஆளே இல்ல. அந்தாண்ட போனா கணக்கப்பிள்ள வேல. போனானா? எல்லையில வந்து கல்லு மாதிரி நின்னான்டா. அதான் காப்பு. அவங்கம்மாவே ஒரு வார்த்த சொல்லல."

தங்கராசு தலையைக் குனிந்துகொண்டு செருப்பைக் கழற்றினான்.

"சுப்பையா வந்திருக்கானா? நீ சொல்லப்பா. அன்னைக்கு நீ பின்னாலதானே நின்ன. எல்லையில நின்னானா இல்லையா?"

இளவட்டங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பத்துப் பேர் பார்த்தால் எனக்கு நா எழாது. அன்று எழுந்தது.

"ஆமாங்க மாமா. நான் பாத்தேன். எல்லையிலதான் நின்னான்."

மாமா திருப்தியாகத் தலையாட்டினார். தங்கராசு காம்பராவுக்குள் போனான். வெளிச்சத்திலிருந்து போனவனுக்கு உள்ளே எதுவும் தெரிந்திருக்காது. பாத்திரம் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, எங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தான்.